உறை இறக்கத் தெரிஞ்ச நமக்கு வீடு இறக்கத் தெரியாதா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில், கட்டட வேலை செய்யும் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. மலருக்காக அவரே எழுதிக் கொடுத்தது.)



எனக்கு மேடைப் பேச்சு வராது. இருபத்திரண்டு வருஷம் சித்தாள் வேலை பார்த்தவள் நான். கல்லு சுமந்திருக்கேன், கலவை சுமந்திருக்கேன். இப்போ ஆறு வருஷமா கரண்டி பிடிச்சு கொத்து வேலையும் செய்யுறேன். அதனால வீட்டைப் பற்றிப் பேசச் சொன்னா நாலு வார்த்தை பேசலாம்னு ஒத்துக்கிட்டேன்.

ஏன் இந்தப் பேச்சு இப்போன்னு உங்களுக்கே தெரியும். போன மாசம் நம்ம உறுப்பினர்கள் ஏழு பேர், "ரெடிமேட் வீடு" போடுறதுக்குக் கடன் கேட்டு மனு கொடுத்திருக்காங்க. 45 நாளில் வீடு, சாவி கையில், மேஸ்திரியைத் தேடி அலைய வேண்டாம்னு ஒருத்தர் படம் போட்ட நோட்டீசைக் கொடுத்துட்டுப் போயிருக்கார். நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் கொடுக்கலாம்னு சொன்னாங்க, பாதிப் பேர் அது தகர வீடு, வேண்டாம்னு சொன்னாங்க. இரண்டு பக்கமும் முழுசாத் தெரிஞ்சு பேசலை. நானும் அப்படித்தான் இருந்தேன். அதுக்கப்புறம் விசாரிச்சேன், பயிற்சியில் கேட்ட பாடத்தைத் திரும்பப் புரட்டிப் பார்த்தேன். அதைத்தான் இப்போ சொல்லப் போறேன்.

முதல்ல என் கதை. 2017ல் வீடு ஆரம்பிச்சேன். பேஸ்மெண்ட் போட்டு, சுவர் எழுப்பி, லிண்டல் வரைக்கும் வந்துச்சு. அதோட நின்னுபோச்சு. மணல் விலை ஏறிச்சு, சென்ட்ரிங் ஆள் கிடைக்கலை, கையில் இருந்த காசு மாமியார் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போச்சு. பக்கத்திலேயே கீத்துக் கொட்டகையில் இருந்துக்கிட்டு, அந்தத் தலையில்லாத வீட்டைத் தினமும் பார்த்துக்கிட்டே ஒரு வருஷத்துக்கு மேல ஓட்டினோம். அடுத்த தவணையில் தளம் போட்டுடலாம்னு இருபது மூட்டை சிமெண்டும் வாங்கி அடுக்கி வச்சேன்.

2018 நவம்பர் 16, விடியற்காலை. கஜா புயல். நாங்க பள்ளிக்கூடத்தில் இருந்தோம். விடிஞ்சு வந்து பார்த்தா கொட்டகை இருந்த தடமே இல்லை. புது வீட்டுல மேற்குச் சுவர் அப்படியே சாய்ஞ்சு கிடந்துச்சு. தளம் இல்லாத சுவர் காத்துக்கு நிக்காது, தளம்தான் நாலு சுவரையும் பிடிச்சுக் கட்டி வைக்கும். வேலை தெரிஞ்சவள் நான், இது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் என்ன பண்ண? இருபது மூட்டை சிமெண்டும் இருபது பாறாங்கல்லா உட்கார்ந்திருந்துச்சு.

அன்னிக்கு எனக்கு ஒண்ணு உறைச்சுது. ஏழை வீட்டைக் கெடுக்கிறது பணம் இல்லாதது மட்டும் இல்லை. வேலை இழுத்துக்கிட்டே போறதும்தான். அரைகுறையா நிக்கிற ஒவ்வொரு மாசமும் மழை தின்னும், வட்டி தின்னும், கம்பியைத் துரு தின்னும்.

சரி, இந்த முன்கூட்டியே செய்த வீடுன்னா என்ன? வீட்டை மனையில் வச்சுக் கட்டாம, அதோட பாகங்களை வேற இடத்தில், ஒரு கொட்டகையிலோ தொழிற்சாலையிலோ செஞ்சு, கொண்டுவந்து பூட்டுறது. அவ்வளவுதான்.

இது புதுசுன்னு நினைக்காதீங்க. கிணத்துக்கு உறை இறக்குறோமே, அது என்ன? உறையை வெளியில் வார்த்து, காயவச்சு, வண்டியில் ஏத்திக் கொண்டுவந்து ஒண்ணு மேல ஒண்ணா இறக்குறோம். கீழடியில் தோண்டினப்போ ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின சுடுமண் உறைகிணறு கிடைச்சுது. அந்தக் காலத்து ஆளுங்களே வெளியில் செஞ்சு இடத்தில் பூட்டியிருக்காங்க. கழிப்பறைக் குழிக்கு நம்ம குழுப் பெண்களே உறை இறக்கியிருக்காங்க. காம்பவுண்டுக்குக் கல்லுக்கால் நட்டு நடுவில் சிலாப் சொருகுறாங்களே, அதுவும் இதே வேலைதான். அதை வீடு வரைக்கும் கொண்டுபோனா அது முன்வார்ப்பு வீடு.

இதில் பல வகை இருக்கு. அங்கதான் நாம ஏமாறுறோம். நோட்டீசில் எல்லாத்துக்கும் ஒரே பேர்தான் போடுறாங்க.

முதல் வகை, முன்வார்ப்புக் கான்கிரீட். சுவர், தளம், படிக்கட்டு, தூண் எல்லாத்தையும் அச்சில் வார்த்துக் கிரேனில் தூக்கி வைப்பாங்க. சென்னை பெரும்பாக்கத்தில் அரசு இந்த முறையில் 1,152 வீடுகள் கட்டியிருக்கு. 2021 ஜனவரி 1ல் அடிக்கல் நாட்டி, 2022 மே 26ல் திறந்தாங்க. நடுவில் கொரோனா இரண்டாவது அலையும் வந்துச்சு, அந்த வருஷத்துக் கன மழையும் வந்துச்சு. அதையும் தாண்டிப் பதினேழு மாசத்தில் ஆயிரத்து நூத்துச் சொச்சம் வீடு.

இரண்டாவது வகை, ஜிப்சம் பலகை. உரத் தொழிற்சாலையில் மலை மாதிரிக் குவிஞ்சு கிடக்கிற ஜிப்சம் கழிவில் கண்ணாடி இழை கலந்து செய்றது. ஒரு பலகை 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், அஞ்சு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான கனம். உள்ளே அறை அறையாக் காலியா இருக்கும். தேவையான இடத்தில் கம்பி விட்டுக் கான்கிரீட் நிரப்புவாங்க. பூச்சு வேலை கிடையாது. 2013ல் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் நாலு குடும்பம் இருக்கிற மாடி வீட்டை ஒரு மாசத்தில் இதில் எழுப்பிக் காட்டினாங்க.

மூணாவது வகை, இரும்புச் சட்டம் போட்டு, இரண்டு தகட்டுக்கு நடுவில் பஞ்சு மாதிரிப் பொருள் வச்ச பலகையைப் பூட்டுறது. நம்ம ஊருக்கு வந்த நோட்டீஸ் இந்த வகை. இதிலேயே தரமானதும் இருக்கு, வெறும் தகரமும் இருக்கு.

நாலாவது வகை, நமக்கு ஏத்தது. சுவரை வழக்கம்போல் கல்லில் கட்டிக்கிட்டு, தளத்துக்கு மட்டும் முன்னாடியே வார்த்த பலகையும் உத்திரமும் வைக்கிறது. ரூர்க்கியில் இருக்கிற மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கொடுத்த முறை இது. ஒரு பலகை ஒரு அடி அகலம், அஞ்சு அடி நீளம் வரைக்கும் வரும். எடை ஏறக்குறைய 50 கிலோ. கிரேன் வேண்டாம். கீழே ரெண்டு பேர், மேலே ரெண்டு பேர் இருந்தாப் போதும். உத்திரத்தை வச்சு, பலகையை அடுக்கி, மேலே கம்பி போட்டு மெல்லிசாக் கான்கிரீட் ஊத்தினா தளம் முடிஞ்சுது. தளம் முழுக்கப் பலகையடிச்சு, அடியில் காடு மாதிரி முட்டு நிறுத்திப் பதினாலு நாள் காத்துக்கிடக்க வேண்டியதில்லை. இது மட்டும் அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சிருந்தா என் மேற்குச் சுவர் நின்னிருக்கும்.

இனி நன்மை என்னன்னு பார்ப்போம்.

முதல் நன்மை நாள். மனையில் வானம் தோண்டிக் கடைக்கால் போடுற அதே நேரத்தில், கொட்டகையில் பலகை தயாராகிக்கிட்டு இருக்கும். இரண்டு வேலையும் சேர்ந்து நடக்கும். நாள் குறைஞ்சா வாடகை குறையும், வட்டி குறையும்.

இரண்டாவது மழை. நம்ம பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கட்டட வேலையே கிடையாது. கொட்டகைக்குள்ள மழையிலும் வார்க்கலாம்.

மூணாவது, நம்ம உப்புக் காத்து. உப்பளத்துக்காரங்க நாம, நமக்குச் சொல்லணுமா? கான்கிரீட்டில் உப்புத் தண்ணி கலந்தா உள்ளே கம்பி துருப்பிடிச்சு வீங்கும். அப்புறம் தளத்தில் பொறை பொறையாப் பெயர்ந்து விழும். மனையில் கிடைக்கிற தண்ணியைத்தான் ஊத்துறோம், அது எந்தத் தண்ணின்னு யார் பார்க்குறாங்க? ஒரே இடத்தில் வார்த்தா நல்ல தண்ணியை ஏற்பாடு பண்ணலாம், கலவையை அளந்து போடலாம், தொட்டியில் முக்கி வச்சுச் சரியாப் பதப்படுத்தலாம். மனையில் "காலையிலும் சாயங்காலமும் தண்ணி ஊத்துங்க"ன்னு சொல்லிட்டுப் போவாங்க. ஊத்துறது யாரு? வீட்டுப் பெண்தான், குடம் குடமா. ஒரு நாள் காய்ச்சல்னு படுத்தா அன்னிக்குத் தளம் காய்ஞ்சு கிடக்கும்.

நாலாவது சேதாரம். தெருவில் கொட்டின மணல் பாதி மழையில் போகும், ஜல்லி பாதி மண்ணுக்குள்ள போகும், சிமெண்டு என் சிமெண்டு மாதிரிப் போகும். கொட்டகையில் இது குறைவு.

நன்மையை மட்டும் சொல்லிட்டு உட்கார்ந்தா நானும் நோட்டீஸ் கொடுத்தவர் மாதிரி ஆயிடுவேன். குறையையும் கேளுங்க.

சுனாமிக்கு அப்புறம் தற்காலிகக் குடியிருப்பில் இருந்தவங்க இங்கே நிறையப் பேர் உட்கார்ந்திருக்கீங்க. அந்தத் தார் அட்டைக் கொட்டகையில் பகல் பன்னிரண்டு மணிக்கு இருக்க முடிஞ்சுதா? பிள்ளையைத் தூக்கிக்கிட்டு மரத்தடிக்கு ஓடினோம். வேகமாப் போட்டாங்க, உண்மைதான். ஆனா வீட்டில் வாழப்போறவங்க கிட்ட யாரும் கேட்கலை. வெயில் தாங்காத வீடு ஒரு நாளில் முடிஞ்சாலும் நமக்கு வீடு இல்லை. அதனால தகட்டுப் பலகை வீடுன்னா, நடுவில் இருக்கிற பொருள் என்ன, எத்தனை அங்குலம், தீப்பிடிக்குமா, இதைக் கேட்காமக் கையெழுத்துப் போடாதீங்க.

இரண்டாவது, இணைப்பு. முன்வார்ப்பு வீட்டுக்கு உயிரே பலகையும் பலகையும் சேருற இடத்தில்தான் இருக்கு. பயிற்சியில் ஒரு சம்பவம் சொன்னாங்க. 1968ல் லண்டனில் 22 மாடிக் கட்டடம். 18வது மாடியில் ஒரு அம்மா காலையில் டீ போட அடுப்பைப் பத்த வச்சாங்க. கேஸ் கசிஞ்சிருந்ததால வெடிச்சுது. அந்தச் சுவர்ப் பலகை வெளியே தள்ளிப்போக, அந்த மூலையே மேலிருந்து கீழ் வரைக்கும் சரிஞ்சு விழுந்து நாலு பேர் செத்துப்போனாங்க. பலகை நல்ல பலகைதான், பூட்டின விதம் சரியில்லை. அதுக்கப்புறம்தான் அந்த நாட்டில் சட்டத்தையே மாத்தினாங்க. நம்ம ஒரு மாடி வீட்டுக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. ஆனா இணைப்பு சரியில்லைன்னா ஒழுகும், புயலில் பெயரும். கஜாவைப் பார்த்த நாம இதை லேசா எடுத்துக்கக் கூடாது.

மூணாவது, வழி. கிரேனும் லாரியும் நுழையாத சந்தில் பெரிய பலகை வராது. நம்ம ஊரில் பாதித் தெரு அப்படித்தான்.

நாலாவது, பின்னாடி வர்ற மாற்றம். மகனுக்குக் கல்யாணம்னா ஒரு அறை இழுத்துக் கட்டுவோம், மேலே ஒரு மாடி எடுப்போம். சில வகை வீட்டில் சுவரை உடைக்கவே கூடாது, ஜன்னலை மாத்தக் கூடாது. ஆணி அடிக்கிறதுக்கே யோசிக்கணும்.

கடலுக்கு அந்தப் பக்கம் நம்ம சனங்களுக்கு நடந்ததையும் சொல்றேன். இலங்கையில் போர் முடிஞ்சு, வடக்கிலும் கிழக்கிலும் 65,000 இரும்பு வீடு ஆயத்தமாக் கொண்டுவந்து பூட்டித் தர்றோம்னு 2016 வாக்கில் ஒரு திட்டம் வந்துச்சு. கல்வீட்டை விட விலை கூட, வெயிலுக்கும் உப்புக் காத்துக்கும் ஒத்து வருமான்னு சந்தேகம், பின்னாடி இழுத்துக் கட்ட முடியாது, உள்ளூர் ஆளுக்கு வேலையும் கிடைக்காதுன்னு பெரிய எதிர்ப்பு கிளம்பிச்சு. கடைசியில் அந்தத் திட்டம் நினைச்சபடி நடக்கலை. அதே பகுதியில் இந்திய அரசு கொடுத்த உதவியில், தவணை தவணையாப் பணத்தை வாங்கி, சனங்களே நின்னு ஆயிரக்கணக்கில் கல்வீடு கட்டிக்கிட்டாங்க. இதிலிருந்து இரும்பு கெட்டது, கல்லு நல்லதுன்னு எடுத்துக்காதீங்க. இருக்கப் போறவங்களைக் கேட்காமக் கொண்டுவந்து இறக்குற வீடு நிலைக்காதுன்னு எடுத்துக்குங்க.

அடுத்தது பணம். இதைப் பென்சிலை வச்சுக் குறிச்சுக்குங்க.

அரசு வீட்டுத் திட்டப் பணம் எப்படி வரும்? பேஸ்மெண்ட், லிண்டல், தளம், முடிவுன்னு ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்துப் பார்த்துட்டுத் தவணையா வரும். ரெடிமேட் வீட்டுக்காரர் என்ன கேட்கிறார்? நூத்துக்கு எழுபது முன்பணம். அரசு வேலை முடிஞ்சபின் தரும், அவர் வேலைக்கு முன்னாடியே கேட்கிறார். நடுவில் இருக்கிற பள்ளத்தில் விழுறது யாரு? நாமதான். அந்தப் பள்ளத்தை நிரப்ப மீட்டர் வட்டிக்குப் போனா, 45 நாளில் வந்த வீட்டுக்கு பதினைஞ்சு வருஷம் கட்டணும். பஞ்சாயத்து வீட்டுத் திட்டத்தில் பேர் வந்திருக்கிறவங்க, இந்த வகை வீட்டைத் திட்டத்தில் ஏத்துக்குவாங்களான்னு ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்காம ஒரு ரூபாய் முன்பணம் கொடுக்காதீங்க.

நம்ம உறுப்பினர் ஒருத்தங்க, பேர் வேண்டாம், அவங்க சம்மதத்தோடதான் சொல்றேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஏஜெண்டு கிட்ட இப்படிப் பணம் கட்டினாங்க. வீடு வந்துச்சு, இல்லைன்னு சொல்லலை. முதல் மழையில் மூலையில் ஒழுகிச்சு. போன் போட்டா எடுக்கலை. ஊர் மேஸ்திரியைக் கூப்பிட்டா, "இது என் வேலை இல்லை மதினி, எங்க தொட்டா எது கழலும்னே தெரியலை"ன்னு போயிட்டார். வருஷா வருஷம் தார்ப்பாய் வாங்குறாங்க. சொந்தமா வீடு இருந்தும் தார்ப்பாய்க்கு அடியில் இருக்காங்க.

அதனால கடன் மனுவைப் பரிசீலிக்கும்போது ஆறு கேள்விக்குப் பதில் இருக்கணும்னு நான் கேட்டுக்குறேன். ஒண்ணு, இதே ஆள் போட்டு இரண்டு மழைக்காலம் கண்ட வீடு பக்கத்தில் எங்கே இருக்கு? போய்ப் பார்த்து, வீட்டுக்காரம்மாகிட்டே பேசணும், மத்தியானம் உள்ளே உட்கார்ந்து பார்க்கணும். இரண்டு, கடைக்கால், கழிப்பறை, கரண்டு, தண்ணிக் குழாய் விலையில் சேர்த்தியா? நோட்டீசில் போடுற விலையில் பெரும்பாலும் இது இருக்காது. மூணு, இரும்புக்குத் துரு வராம என்ன பூச்சு? நாலு, புயல் காத்து எவ்வளவு தாங்கும்னு இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்கா? அஞ்சு, ஒழுகினா யார் வந்து பார்ப்பாங்க, எத்தனை வருஷத்துக்கு? ஆறு, பணம் வேலைக்குத் தகுந்த தவணையா, மொத்தமா முன்னாடியா? பட்டா யார் பேரில் இருக்குங்கிற கேள்வி எப்பவும் போல முதல் கேள்வி, அதை எண்ணிக்கையில் சேர்க்கலை.

கடைசியா ஒண்ணு. இதைச் சொல்லத்தான் நான் மேடைக்கே வந்தேன்.

வீடெல்லாம் தொழிற்சாலையில் வந்தா சித்தாள் வேலை என்ன ஆகும்? என்கூட வேலை பார்க்கிற பெண்கள் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்வி. மனையில் ஆள் குறையத்தான் செய்யும், மறைக்கலை.

ஆனா இப்போ இருக்கிற வேலையையும் நினைச்சுப் பாருங்க. விடியக்காலை தூக்குவாளியோடு ஜங்ஷனில் நிக்கிறோம். கூப்பிட்டா வேலை, கூப்பிடலைன்னா வீடு. நம்ம பக்கம் கொத்தனாருக்கு 900 ரூபாய்னா சித்தாளுக்கு 500. ஒன்பது மணியிலிருந்து வெயில். ஒதுங்கக் கழிப்பறை கிடையாது, அதனால தண்ணியே குடிக்காம இருக்கோம். இருபது வருஷம் சுமந்தாலும் சித்தாள் சித்தாளாவே இருக்கா. கூட வேலைக்குச் சேர்ந்த பையன் மூணு வருஷத்தில் கொத்தனார் ஆயிடுறான். எனக்குக் கரண்டி கிடைச்சதே பயிற்சி கொடுத்ததாலதான்.

வார்ப்புக் கொட்டகை வேலை அப்படி இல்லை. ஒரே இடம், நிழல், கழிப்பறை, பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்தா பக்கத்தில் அம்மா. சாரத்தில் ஏற வேண்டாம். அச்சுக்கு எண்ணெய் தடவி, கம்பி கட்டி, அளந்து கலவை போட்டு, மட்டம் பார்க்கிறது. சமையலில் அளவு தெரிஞ்ச கைக்கு இது வராதா? கேரளாவில் குடும்பஸ்ரீ பெண்கள் கட்டுமானக் குழு வச்சு முழு வீடே கட்டிக் கொடுக்குறாங்க. நாம பலகை வார்க்க மாட்டோமா?

அதனால என் வேண்டுகோள் இரண்டு. ஏழு பேரோட மனுவை ஒட்டுமொத்தமாத் தள்ளவும் வேண்டாம், ஒட்டுமொத்தமாக் கொடுக்கவும் வேண்டாம். ஆறு கேள்விக்கும் பதில் வந்த மனுவுக்கு மட்டும், தவணை தவணையாக் கொடுங்க. இரண்டாவது, சமுதாய முதலீட்டு நிதியிலிருந்து ஒரு சின்ன வார்ப்புக் கொட்டகை தொடங்குறதை அடுத்த நிர்வாகக் குழுவில் பொருளா வைங்க. எடுத்த எடுப்பில் வீடு வேண்டாம். முதல்ல உறை, அப்புறம் காம்பவுண்டு சிலாப், ஜன்னல் சட்டம், லிண்டல். கை பழகி, இன்ஜினியர் சோதனை பண்ணிச் சரின்னு சொன்னபிறகு தளப் பலகை. வாங்க ஆள் இருக்கா? நம்ம ஒன்றியத்தில் லிண்டலோடு நிக்கிற வீடு எத்தனைன்னு ஊருக்கு ஊர் எண்ணிப் பாருங்க, அத்தனையும் நம்ம வாடிக்கை. வேலைக்கு வர்றவங்க கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு பண்ணியிருக்கணும். அந்தப் படிவத்தை இன்னிக்கே வெளியில் மேசையில் வச்சிருக்கேன்.

என் வீட்டுக்கு 2020ல் தளம் போட்டேன். சாய்ஞ்ச சுவரை நானே எடுத்துக் கட்டினேன். அந்த இருபது சிமெண்டுக் கல்லையும் தூக்கிப் போடலை. வாசல் படிக்கு அடியில் போட்டு நிரப்பியிருக்கேன். ஒவ்வொரு தடவை படி ஏறும்போதும் ஞாபகம் வரும். இன்னொரு பெண் வீட்டுச் சிமெண்டு அப்படிக் கல்லாகக் கூடாது.